ஆறாவது ரீலில் விழுந்த பெயர்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு வயது அறுபத்தாறு. கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, பார்வை சுத்தமாக இருக்கிறது. தண்ணி அடிப்பதை விட்டுப் பதினோரு வருடம். 2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

என் பெயர் குணாளன். லூனாஸ் பக்கம் ஒரு தியேட்டரில் எண்பதுகளில் ஆபரேட்டராக இருந்தேன். மேலே மெஷின் ரூமில் நின்று படம் ஓட்டுகிற ஆள். அந்தத் தியேட்டர் மூடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறகு ஒரு தளவாடக் கடைக்காரர் அதை எடுத்து, அலமாரியும் மெத்தையும் அடுக்கும் குடோனாக ஆக்கிவிட்டார். பழைய மெஷின்கள் இரண்டும் மட்டும் மேலேயே கிடந்தன. அவ்வளவு கனத்தை இறக்கினால் படி தாங்காது என்று விட்டுவிட்டார்கள்.

2024 ஏப்ரலில் யோகேந்திரன் என்னைத் தேடி வந்தான். கூலிம் ஃபேக்டரியில் இன்ஜினியர். பழைய பேய்ப் படங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. அவனைப் போல நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள்.

"அங்கிள், அலோர் ஸ்டார்ல கவுஸ் பாய்கிட்ட ஒரு பிரிண்ட் இருக்கு. அசல் கலர். நீங்கதான் ஓட்டித் தரணும் லா."

"சிவந்து போயிருக்கும்டா. அந்தக் காலத்து பிரிண்ட் எல்லாம் கலர் செத்து, பீட்ரூட் சாறு மாதிரி ஆயிடும்."

"இது சிவக்கல அங்கிள். வந்து பாருங்க."

போனேன். முகம்மது கவுஸின் அப்பா பட விநியோகம் செய்தவர், ஐஸ் ஃபேக்டரியும் வைத்திருந்தார். படப்பெட்டிகளை ஐஸ் கிடங்கிலேயே போட்டு வைத்தாராம். கவுஸ் ஒரு டப்பாவைத் திறந்தார். பிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பச்சை பச்சையாகவே இருந்தது. மஞ்சள் மஞ்சளாக இருந்தது. அப்படி ஒரு பிரிண்டை நான் தொட்டு எத்தனை வருடம்!

பிறகு டப்பாவின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். பிலிமைக் கீழே வைத்துவிட்டேன்.

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். அதே படம். நாற்பது வருடத்துக்கு முன்னால் நானே ஓட்டியது.

அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் பெண்டாட்டிக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

அப்போது யார் கையில் போன் இருந்தது? வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் ஆள் தியேட்டருக்கு ஓடி வரும். டிக்கெட் கொடுப்பவர் பெயரைச் சீட்டில் எழுதி மேலே அனுப்புவார். நான் ஒரு கண்ணாடித் துண்டில் கறுப்பு மசி தடவி, ஊசியால் பெயரைக் கீறி, பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்லைடு மெஷினில் வைப்பேன். ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் பெயர் விழும். பெயருக்குரியவர் எழுந்து போவார். மர நாற்காலி 'டப்' என்று மடங்கும். எத்தனையோ பிரசவச் சேதி, சாவுச் சேதி எல்லாம் என் கையால் அந்தத் திரையில் விழுந்திருக்கின்றன.

1984 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. 2.45 மாட்டினி. அந்தப் பேய்ப் படம். ஆறாவது ரீலில்தான் உச்சக்கட்டம். பச்சைச் சேலை கட்டிய பெண் கையில் விளக்கோடு படி இறங்கி வருவாள். சுவரெல்லாம் ரத்தச் சிவப்பு வெளிச்சம். ஏழு நிமிடம் பேச்சே கிடையாது. அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்த அமைதியை ஏதோ நானே உண்டாக்கியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

4.31க்குச் சீட்டு வந்தது. 'மருதம்மாள். பிள்ளைக்கு ஜன்னி. உடனே வீட்டுக்கு வரவும்.'

கண்ணாடியில் கீறிவிட்டேன். கையில் எடுத்துவிட்டேன். போடவில்லை.

அந்த இடத்தில் ஸ்லைடு போட்டால் ஜனம் கத்தும், முதலாளி திட்டுவார் என்பதெல்லாம் ஒரு சாக்கு. அந்த அமைதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். ரீல் முடியட்டும் என்று நினைத்தேன். ரீல் முடிந்தது, அடுத்த மெஷினுக்கு மாற்றுகிற அவசரத்தில் மறந்தேன். படம் விட்ட பிறகுதான் கண்ணாடி கண்ணில் பட்டது. எச்சில் தொட்டு அழித்தேன்.

சேதி கொண்டுவந்தவர் பக்கிரிசாமி, எஸ்டேட் லயத்தில் மருதம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். "சொல்லியாச்சு, பின்னாலயே வந்துருவாங்க, நீ போ" என்று கீழே சொல்லியிருக்கிறார்கள். அவரும் சைக்கிளில் திரும்பிப் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். இதோ வருவாள், இதோ வருவாள் என்று காத்திருந்துவிட்டு, கடைசியில் அவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் மருந்தகத்து டிரஸரிடம் ஓடியிருக்கிறார்கள். ரெண்டு வயது ஆண் பிள்ளை. அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டிரஸர்.

மூன்றாம் நாள் பக்கிரிசாமியும் மருதம்மாளின் புருஷனும் தியேட்டருக்கு வந்தார்கள்.

"தம்பி, பேரு போட்டீங்களா இல்லையா? திரையில பேரு வரவே இல்லன்னு அவ சத்தியம் பண்றா."

நான் சொன்னேன். "போட்டேனேண்ணே. பேய் வர்ற கட்டம். பொம்பளைங்க எல்லாம் பயத்துல கண்ண மூடிக்கிட்டு இருந்திருப்பாங்க."

யாரும் மறுத்துக் கேட்கவில்லை. பேய்ப் படத்தில் பாதி அரங்கம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும். 'பேய்ப் படம் பார்க்கப் போய்ப் புள்ளைய விட்டவ' என்ற பெயர் மருதம்மாளுக்கு நிலைத்தது. புருஷன் அவளை விட்டுப் போனான். மகள் ஷீலாவோடு மெர்போக் பக்கம் போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான்கு தடவை அங்கே போய்வர பஸ் ஏறியிருக்கிறேன். நான்கு தடவையும் பாதி வழியில் சுங்கை பட்டாணியிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

அதே படத்தின் பிரிண்டைத்தான் இப்போது கவுஸ் என் கையில் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலரைப் பார்த்த கண் கேட்கவில்லை. படத்தை ஓட்டி முடித்ததும் மெர்போக் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று எனக்கு நானே தீர்மானம் செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 16. ஜும்மா முடிந்து கவுஸும் வந்துவிட்டார். கடைக்காரரிடம் கேட்டு அதே பழைய தியேட்டரில், மேலே கிடந்த மெஷின்களைச் சரிசெய்து, 2.45க்கு ஆரம்பித்தேன். கீழே அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. ஐம்பது பேர் இருப்பார்கள். வலப்பக்கக் கதவைக் கடைக்காரர் எப்போதோ செங்கல் வைத்து அடைத்து, அதன் முன்னால் மூன்று அலமாரி நிறுத்தியிருந்தார். எதிர்க் கடை மாடியில், கூடு எடுத்து விற்பதற்காகக் குருவிகளை வரவழைக்க ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நிற்காமல் 'கீச் கீச்' என்று கத்தும்.

படம் அருமையாக ஓடியது. கலர் அப்படி ஒரு கலர். ஐந்து ரீல் முடிந்தது.

4.25க்கு ஆறாவது ரீல்.

4.29. கீச் சத்தம் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது... எதிர்க் கடை விளக்கும் எரிந்தது.

4.30. பச்சைச் சேலைக்காரி படியில் இறங்க ஆரம்பித்தாள். களைப்பாக இருந்ததால் பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டாண்டில் கை வைத்தேன்.

சுட்டது.

அது ஸ்லைடு மெஷின் வைக்கிற ஸ்டாண்ட். அதன் மேல் இருந்த மெஷின் பழைய இரும்புக்குப் போய் இருபது வருடம் இருக்கும். வெறும் ஸ்டாண்ட். அதுதான் சுட்டது.

4.31.

திரையில் எழுத்து விழுந்தது.

வெள்ளை எழுத்து.

'மருதம்மாள்... உடனே வீட்டுக்கு வரவும்.'

என் கையெழுத்து.

கீழே யாரும் அசையவில்லை. யாரும் கத்தவில்லை.

பிறகு...

'டப்.'

மர நாற்காலி மடங்குகிற சத்தம். கீழே இருந்ததெல்லாம் பிளாஸ்டிக்.

நாலாவது வரிசையில் ஓர் உருவம் எழுந்தது. பெண். தலையில் முக்காடு போல முந்தானை. வலப்பக்கம் வேகமாக நடந்தது.

கதவு திறந்தது.

அடைத்த கதவு.

வெயில் உள்ளே விழுந்தது. திரையின் வலது ஓரத்தில் பச்சையும் சிவப்பும் வெளுத்துப் போயின.

நான் ஓடினேன். இருபத்திரண்டு படி. "அக்கா... நில்லுங்க... அக்கா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கீழே வந்தேன்.

இருட்டு.

மூன்று அலமாரி. பின்னால் செங்கல். தூசி கலையவில்லை.

"என்ன அங்கிள்? ஏன் இறங்கி வந்துட்டீங்க?" யோகேந்திரன் கிசுகிசுத்தான்.

"ஸ்லைடு... பேரு வந்துச்சே?"

"என்ன ஸ்லைடு? படம் கிளியரா போவுது லா. போங்க, போங்க."

வெளியே 'கீச் கீச்' கேட்டது. மேலே ஏறிப் போய் ஸ்டாண்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. மிச்ச ரீல்களை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாளே மெர்போக் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். திங்கட்கிழமைதான் போனேன். இந்த முறை பாதியில் இறங்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

ஷீலா வந்தாள். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை போயிட்டாங்கண்ணே. ரெண்டு வருஷமா படுத்த படுக்கை. ஒரு காலக்கூட அசைக்க முடியாது. அன்னைக்கு நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தா... அம்மா எழுந்து நடக்குறாங்க. 'விடு, விடு, தியேட்டர்ல என் பேரு போட்டுட்டாங்க, தம்பிக்கு முடியலையாம்'னு சொல்லிக்கிட்டே வாசலுக்குப் போனாங்க. கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டே சாஞ்சுட்டாங்க."

"எத்தன மணிமா?"

"நாலரை தாண்டியிருக்கும். செத்துப்போன என் தம்பிய நெனச்சுக்கிட்டாங்க போல. நாப்பது வருஷமா இதே பேச்சுதான். 'நான் கண்ண மூடல, பேரு வரவே இல்ல'ன்னு. யாரும் நம்பல. சின்ன வயசுல நானும் நம்பல. பக்கிரிசாமி மாமாவ நாந்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன், தெரியுமா? அப்போ எனக்கு ஒம்பது வயசு."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சீட்டு வந்தது, கண்ணாடியில் கீறியது, போடாமல் விட்டது, அழித்தது, போட்டேன் என்று சொன்ன பொய். எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை பெயர் விழுந்ததையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷீலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பேரு விழுந்தப்போ... நீங்க படியில இறங்கி ஓடி வந்தீங்களா?"

அதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா... உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வாசல்ல நின்னு அம்மா ஒரு தடவ திரும்பிப் பாத்தாங்கண்ணே. என்னைய இல்ல. எனக்குப் பின்னால, மேல... யாரையோ பாத்தாங்க. அப்ப சொன்னதுதான் அவங்க கடைசியா பேசுனது."

"என்ன சொன்னாங்க?"

"'அந்த ஆபரேட்டர் தம்பி ஓடி வர்றாரு பாரு'ன்னாங்க. 'இப்ப எதுக்கு ஓடி வர்றாரு?'ன்னு கேட்டாங்க."