கம்பில் ஏறிய சட்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் பெற்றதும் கொழுந்தன் பிள்ளைகளுமாக ஒன்பது பேரை வளர்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு பொங்கலுக்கு ஒன்பது பேருக்கும் ஒரே துணியில், மஞ்சளில் சிவப்புக் கட்டம் போட்டதில் சட்டை தைத்தோம். எல்லாருக்கும் அதைப் போட்டுவிட்டு, ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, திருவொற்றியூர் சிவன் கோயிலுக்கு பஸ் ஏறினோம்.

"இன்னாமே, பேண்டு வாசிக்கப் போறீங்களா?" என்று சிரித்தார் கண்டக்டர்.

கோயில் கூட்டத்தில் கடைக்குட்டியைக் காணோம். நாலு வயது. என் வீட்டுக்காரர் குளத்துப் பக்கம் ஓடினார். நான் உள்ளேயே தேடினேன்.

அப்போது வாசலருகே, கூட்டத்துக்கு மேலே ஒரு கம்பு எழும்பியது. நுனியில் மஞ்சள் சட்டை. கடலில் ஆபத்தென்றால் மீன்பிடிக்கப் போகும் எங்கள் ஆட்கள் துடுப்பில் துணி கட்டித் தூக்குவார்கள். பார்த்ததும் புரிந்தது, ஓடினேன்.

கம்பைப் பிடித்திருந்தவள் பூக்காரம்மா. பக்கத்தில் வெற்றுடம்போடு பையன் பொரி தின்றுகொண்டிருந்தான்.

"இதே துணியில ஒரு பட்டாளமே உள்ள போச்சு. பாத்தா வருவீங்கன்னு தூக்கினேன். நானும் கடக்கரைக்காரிதாமே" என்றாள். "தொலஞ்சதுக்கு அழுவல. சட்டைய கயட்டுனதுக்குத்தான் அழுதான்!"

கோபுரம் பெரிசுதான், ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கம்பு அதைவிடப் பெரிசு. குளத்தங்கரையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்து சேரும்வரை அவள் அதை இறக்கவே இல்லை. அப்படி ஒரு கையை நான் வேறெங்கும் கும்பிட்டதில்லை.

கண்ணு, நீ அந்தக் கடைக்குட்டி பெத்த பொண்ணு. நான் எழுதுன இத கொஞ்சம் சத்தமா படி, உங்கப்பனும் கேக்கட்டும்.