லேப்டாப்பின் கடைசி விசா

தார்ஹெலியா விற்கிற டிவிடிகளில் ஒன்றுகூட அசல் இல்லை. அதை அவள் மறைத்ததும் கிடையாது. மலையூரான லோஹாவில், சந்தையின் பின்பக்கப் படிக்கட்டில், செருப்புக்காரருக்கும் மூலிகை விற்கும் எல்விராவுக்கும் நடுவே, ஒரு மடக்கு மேசை. மேசைமேல் கூடை கூடையாகப் படங்கள். ஓரத்தில் லேப்டாப். வாங்க வருகிறவர் கேட்காமலேயே டிவிடியை உள்ளே தள்ளுவாள். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் ஓட்டிக் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் காசு. இந்தப் பழக்கத்தால் கூடையிலிருந்த எல்லாப் படங்களின் முடிவும் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஓட்டல்காரர்கள் வீட்டுச் சோற்றுக்கு ஏங்குவதுபோல, வீட்டுக்குப் போனால் தன் சரக்கைத் தொடமாட்டாள்.

முன்பு பிளாஸ்டிக் வாளி விற்றாள். அதற்கும் முன்பு பள்ளிக்கூட வாசலில் சோள அடை. கணவன் சமோராப் பக்கம் தங்கம் தோண்டப் போனவன், அங்கே வேறொரு குடும்பத்தைத் தோண்டியெடுத்துக்கொண்டு தங்கிவிட்டான். இதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். மகன் வில்மான் நியூயார்க்கில் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறான். காகிதம் எதுவும் சரியாக இல்லாததால் வந்து போக வழியில்லை. லேப்டாப் அவன் அனுப்பியது.

அவன் அனுப்புகிற இன்னொன்று, அசல் டிவிடி. ஒரே படத்தில் இரண்டு வாங்குவான். ஒன்று அவனுக்கு, ஒன்று ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது அம்மாவுக்கு. ஞாயிறு மதியம் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துக்கொள்வாள். குளிர்காலத்தில் நியூயார்க்குக்கும் லோஹாவுக்கும் கடிகாரம் ஒன்று. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கும்மா" என்பான். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் தொடங்கும். நடுவில் அதிகம் பேச மாட்டார்கள். சிரிப்பு வருகிற இடத்தில் அவன் சிரிப்பது கேட்கும். அவளுக்கு அது போதும்.

"கடையில இருக்கறதைப் பாக்காதம்மா," என்று அவன் அடிக்கடி சொல்வான். "தியேட்டர்ல திருட்டுத்தனமா எடுத்தது. நடுவுல எவனாவது எழுந்து நிப்பான். கதாநாயகன் மூஞ்சி இருக்கிற இடத்துல ஒரு தலை தெரியும்."

தலை தெரிகிற படங்களால்தான் அந்த லேப்டாப்பும் அவளும் இத்தனை நாள் பிழைத்தார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வரும். சொல்லமாட்டாள்.

வம்பு அசல் டிவிடிகளால் வந்தது. லோஹாவில் ஸ்பெயினுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு குறைவு. அங்கிருந்து பரிசாக வருகிற படம் வீட்டில் ஓடாது; அசல் டிவிடியை அது விற்கிற நாட்டுப் பெட்டியில் மட்டும் ஓடும்படி பூட்டியிருப்பார்கள். படிக்கட்டுக்குக் கொண்டுவருவார்கள். தார்ஹெலியா உள்ளே தள்ளுவாள். ஒரு சின்னக் கட்டம் எழும்பும்: இந்த டிவிடி வேறு மண்டலத்தைச் சேர்ந்தது, மாற்றட்டுமா? கேட்கிற மரியாதைக்கு அவள் சரி என்று அமுக்குவாள். படம் ஓடும். அடுத்த ஞாயிறு வில்மானின் டிவிடியைப் போட்டால் அதே கட்டம் திரும்ப எழும்பும். அதற்கும் சரி.

"உன் பெட்டிக்கு ஸ்பெயின் விசா கிடைச்சிருச்சு பாரு," என்றாள் எல்விரா. "நான் ரெண்டு தடவ வரிசையில நின்னும் ஒரு முத்திரை விழல."

அதிலிருந்து படிக்கட்டில் அதற்கு விசா என்றே பெயர். கட்டத்தின் கீழே, இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்று ஓர் எண் இருக்கும். விசா என்றால் தீரும், பிறகு புதுப்பிப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஐந்தில் தொடங்கிய எண் ஒன்றில் வந்து நின்றபோதும் அவள் கவலைப்படவில்லை.

எடிசன்தான் சொன்னான். எதிர்ச் சாரியில் கணினி பழுது பார்க்கிறவன், நாற்பது வயது, தொப்பை. எதையும் கெட்ட செய்தியாகச் சொல்லுவதில் அவனுக்கு ஒரு ருசி.

"புதுப்பிக்க முடியாதுங்க. இது மெஷினுக்குள்ள, டிவிடி போடுற பாகத்துலயே எழுதியிருக்கு. எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தினாலும் போகாது. இன்னும் ஒரே ஒரு தடவ. மாத்தினா அங்கயே நிக்கும், சாகற வரைக்கும்."

"இப்ப எங்க நிக்குது?"

"நியூயார்க்குல."

"அப்ப அங்கயே நிக்கட்டும்," என்றாள். ஸ்பெயின் டிவிடிக்காரர்களுக்கு இனிமேல் தூதரகம் மூடியாகிவிட்டது என்று எல்விரா மூலம் சொல்லியனுப்பினாள்.

அப்தோன் ஹும்போ அதற்கு மறுவாரம் வந்தார். கத்தமாயோ வழிப் பேருந்து ஓட்டுகிறவர். வில்மானுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவால் அவர் அவளைக் கொமாத்ரே என்பார், அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். அண்ணன் தங்கைக்குக் கொஞ்சம் மேலேயே மரியாதை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய டிவிடியை எடுத்தார்.

"யாதிரா அனுப்பியிருக்கா, கொமாத்ரே."

"நல்லா இருக்காளா?"

"இதுல இருக்கா."

மகள் யாதிரா ஸ்பெயினின் மத்ரீதில் ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்கிறாள். போய் ஒன்பது வருடம். அவள் தெருவில் ஒரு படம் எடுத்தார்களாம். ரொட்டிக்கடை வரிசையில் நிற்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்களாம். நின்றாளாம். அந்தப் படம் அங்கே டிவிடியாகக் கடைக்கு வந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பெட்டியில போட்டா கூடாதுங்குது. மச்சான் வீட்டுல போட்டேன், அங்கயும் கூடாது. என் பொண்ணு மூஞ்சியப் பாக்க எனக்குக் கூடாதாம்."

தார்ஹெலியா டிவிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சரக்கு வாங்குற குவாயாகீலுக்கு அனுப்பினா நகல் எடுத்துக் குடுப்பாங்க, கொம்பாத்ரே. நகல் எங்க வேணும்னாலும் ஓடும்."

"அந்தக் கடற்கரைப் பசங்க கையில என் பொண்ணக் குடுக்கறதா? திரும்பி வராது. வந்தாலும் வேற எவனோட பொண்ணோ வரும்."

அதில் நியாயம் இருந்தது. போன மாதம் குவாயாகீலிலிருந்து வந்த காதல் படத்துக்குள் குத்துச்சண்டை இருந்தது.

"நாளைக்கு வாங்க," என்றாள். அவர் டிவிடியை அவளிடமே விட்டுப் போனார். அதுதான் தொந்தரவு. எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

காலையில் கடையை விரிக்காமல் நேராக எடிசனிடம் போனாள்.

"கடைசி தடவ ஸ்பெயினுக்கு மாத்திட்டா என் சரக்கெல்லாம் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. உங்க சரக்குக்கு நாடே கிடையாதே. எந்த எல்லையும் கேக்காம உள்ள வரும்."

"வில்மான் அனுப்புறது?"

"அசல்தானே? அப்ப வெளியவே நிக்கும்."

அவள் படிக்கட்டுக்குத் திரும்பி, கூடைகளில் ஒன்றைக் கவிழ்த்தாள். வரும் ஞாயிறுக்கு என்று வில்மான் அனுப்பியிருந்த படம், ஒரு நாய் வீட்டைத் தேடிப் போகிற கதை. அதே நாய் அவளுடைய சரக்கிலும் இருந்தது. அட்டை வெளிறி, நாயின் காது பச்சையாகியிருந்தது. நியூயார்க் படம் எதுவானாலும் ஏதாவது ஒரு கூடையில் இருக்கும். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிற யாதிரா எந்தக் கூடையிலும் இல்லை.

அப்தோன் வந்தபோது பேருந்தைச் சந்தைக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார். பயணிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"முத்திரை குத்தப் போறியா?" என்றாள் எல்விரா. "அப்புறம் உன் மகன் படம்?"

"நீ உன் புதினாவப் பாரு."

கட்டம் எழும்பியது. இதுவே கடைசி, இனி மாற்ற முடியாது என்று இந்த முறை கூடுதலாக ஒரு வரி இருந்தது. சரி என்று அமுக்கினாள். படம் தொடங்கியது.

பழக்கத்தில் அவள் கை நடுவுக்குத் தாண்டப் பார்த்தது. அப்தோன் தடுத்தார். "ஒரு நொடி கூடத் தாண்டாதீங்க. எங்க நிக்கிறாள்னு தெரியாது."

எனவே உட்கார்ந்து பார்த்தார்கள். செருப்புக்காரர் வந்தார். பயணிகளில் இரண்டு பேர் ஏன் வண்டி எடுக்கவில்லை என்று கேட்க வந்து, அவர்களும் நின்றார்கள். வேலை போன ஒருவன், அவனை விட்டுப் போகிற மனைவி, அவளைத் தேடி அலைகிற அவன், ஓயாத மழை. படம் மெதுவாக நகர்ந்தது. இந்த மாதிரிச் சரக்கு ஒரு டாலருக்குக்கூடப் போகாது என்று தார்ஹெலியா நினைத்துக்கொண்டாள். அப்போது தெருமுனையில் ரொட்டிக்கடை வந்தது.

"அதோ," என்றார் அப்தோன்.

"எங்க?"

"போயிட்டா."

தார்ஹெலியா பின்னால் ஓட்டி நிறுத்தினாள். வரிசையில் மூன்றாவதாக ஒருத்தி, முதுகைக் காட்டி, கழுத்தில் பச்சைத் துணி. எதையோ பார்க்கத் திரும்புகிறாள். முகம் பாதி தெரிகிறது, கொஞ்சம் கலங்கலாக.

அப்தோன் திரைக்கு மிக அருகே குனிந்தார். ஓட்டுநர்கள் தூரத்துப் பலகையைப் படிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினார்.

"கழுத்துக்குத் துணி சுத்தியிருக்கா," என்றார். "நல்லது. அங்க குளிரு." பிறகு, "கன்னம் இருக்கு. சாப்புடுறா."

"என்னத்த சாப்புடுறா, இன்னும் ரொட்டியே வாங்கல," என்றாள் எல்விரா.

அவர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். வண்டியிலிருந்தவர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் இல்லாத பேருந்து கத்துவதைக் கேட்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். வந்தவருக்கும் யாதிராவைக் காட்டினார்கள். அவருக்கும் ஸ்பெயினில், முர்சியாவில் ஓர் அக்கா.

ஞாயிறு வந்தது. தார்ஹெலியா லேப்டாப்பை வீட்டு மேசையில் திறந்தாள். தொலைபேசியில் வில்மான் எண்ணினான். மூன்று என்றதும், காது பச்சையான நாயை அமுக்கினாள். மகனிடம் சொல்ல வேண்டியதில்லை, திரை அவனுக்கா தெரியப்போகிறது என்று தீர்மானித்திருந்தாள். வருடக்கணக்காகச் சேர்ந்து பார்த்தது இனியும் நடக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குக் கணக்கு.

சிறிது நேரத்தில் படத்துக்குள் யாரோ இருமினார்கள்.

"யாரும்மா அங்க?"

"எல்விரா வந்திருக்கா. சளி."

நாய் சேற்றில் விழுந்தது. அவள் வீட்டில் ஒரு தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். தொலைபேசியில் சத்தமே இல்லை. வெகு நேரம் கழித்து வில்மான் தனியாக, தயங்கிச் சிரித்தான்.

"அம்மா."

"என்னடா?"

"எல்விரா எத்தன பேரோட வந்திருக்காங்க?"

அவள் தொலைபேசியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டை, ரொட்டிக்கடை, பச்சைத் துணி, கடைசி விசா. நாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்டான். "ஞானப்பா அழுதாரா?"

"சிரிச்சாரு. அழுதாரு."

நியூயார்க்கில் யாரோ மாடியில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"உன் படத்துல தொடக்கத்த வெட்டிட்டானுங்க. அதான் நீ முன்னாடி போறே," என்றான் வில்மான். "நிறுத்தும்மா. நாய் இப்ப எங்க இருக்கு?"

"பாலத்து மேல."

"அங்கயே வெச்சிரு. நான் வந்து சேந்ததும் சொல்றேன்."

அவள் நிறுத்தினாள். நாய் ஒரு காலைத் தூக்கியபடி பாலத்தில் நின்றது. ஹோர்ச்சாத்தா மூலிகைச் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, மகன் வந்து சேரக் காத்திருந்தாள்.

"வந்துட்டேன். அமுக்கு."

அமுக்கினாள். நாய் காலை ஊன்றியது. திரையின் குறுக்கே ஒரு பெரிய தலை எழுந்தது.

"என்னம்மா, தெரியுதா?"

"ஒருத்தன் எழுந்து நிக்கிறான்."

"உக்காந்தா சொல்லு. அது வரைக்கும் என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்."