பச்சமுத்துவும் பதினோராம் ஆண்டுத் துப்பாக்கியும்

மிளகாய்த் தூக்கை அரவை இயந்திரத்தின் வாயருகே கொண்டுபோன பச்சமுத்து, கொட்டாமல் நிறுத்திவிடுகிறார். மோட்டார் வெறுமனே ஓடுகிறது. "இந்தத் தொட்டி கீது பாரு சிட்டம்மா, இதே மாரி ஒரு தொட்டிய மெசின்கன்னுக்கு இடது பக்கமா வச்சான் ஜப்பான்காரன்," என்று தொடங்குகிறார். பக்கத்துத் தெருச் சிட்டம்மாளுக்கு இது புதிதன்று. "கன்னு கெடக்கட்டும்ண்ணே, மொளகாய அரைச்சிக் குடு. வூட்ல கொயம்பு கொதிச்சிக்கினு கீது," என்கிறார். பச்சமுத்து கொட்டுகிறார்; பேச்சு மட்டும் நிற்பதில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள இந்த மாவு மில்லிலிருந்து தும்மாமல் வெளியேறியவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கியைப் பற்றிக் கேளாமல் வெளியேறியவர்கள் இல்லை. கல்வெட்டுக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், குடவோலையை அறிய வந்து, ஜப்பானின் தைஷோ சக்கரவர்த்தியை அறிந்துகொண்டு போனார்.

பச்சமுத்து பதினேழு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவர். போர் எதிலும் இருந்ததில்லை. வடக்கே ஒரு படைப்பிரிவின் காட்சிக்கூடத்தில், பர்மாவில் பிடிபட்ட ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவதே அவர் ஆற்றிய தேசத் தொண்டு. எதிரியின் ஆயுதத்தை அவ்வளவு அன்போடு குளிப்பாட்டிய வீரர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது பெட்டி படுக்கையோடு அந்தத் துப்பாக்கியையும் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

தைஷோ சக்கரவர்த்தி பட்டமேறிய பதினோராம் ஆண்டில், அதாவது 1922இல், படைக்கு ஏற்கப்பட்டதால் அதற்குப் பதினோராம் ஆண்டு வகை என்று பெயர். வடிவமைத்தவர் நம்பு என்னும் படை அதிகாரி. எண்ணம் என்னவோ நல்ல எண்ணந்தான். சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கிக்குரிய தோட்டாக்களை, ஐந்தைந்தாகக் கோத்த கொத்துகளாகவே, ஆறு அடுக்குத் தொட்டியில் போட்டால் போதும். தீர்ந்துபோனால் பக்கத்தில் கிடப்பவனிடம் கைமாற்று வாங்கலாம். வினை வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் பூச உள்ளேயே ஒரு சிறு எண்ணெய்ப் பெட்டி வைத்தார் நம்பு. அந்த எண்ணெயில் சீனப் போர்க்களத்துப் புழுதி வந்து படிந்தது. "மாவுல எண்ணெய வுட்டா இன்னா ஆவும்? பசை. அத வச்சிக்கினு சண்டயா போட முடியும்? சொவத்துல போஸ்டர் ஒட்டலாம்," என்பது பச்சமுத்துவின் தீர்ப்பு. தொட்டி இடைஞ்சலாக இருந்ததால் குறிபார்க்கும் அமைப்பை வலப்பக்கம் தள்ளினார்கள். அதற்கு ஈடுகொடுக்கத் தோளில் வைக்கும் கட்டையையும் வலப்பக்கம் வளைத்தார்கள். கழுத்துச் சுளுக்கிய மாப்பிள்ளை போல இருக்கும் என்று சொல்லி, அதே கோணத்தில் தம் கழுத்தையும் திருப்பிக் காட்டுவார்.

இந்த ஞானத்துக்கு விலை கொடுத்தவள் மகள் பிரபா. சென்ற ஆவணியில் வாலாஜாபாத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன், ஒரு பேச்சுக்கு, மிலிட்டரியில் என்ன வேலை என்று கேட்டுத் தொலைத்தார். பச்சமுத்து சக்கரவர்த்தியின் பட்டாபிஷேகத்திலிருந்து தொடங்கினார். கேசரி ஆறியது; ராகுகாலம் வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. மறுநாள் தரகர் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், அப்பாதான் ஒரு மாதிரியாம்.

இந்தத் தையில் திருமுக்கூடல் வரன் வந்தது. பையன் தினேஷ்குமாருக்கு ஒரகடத்தில், ஜப்பானியர் நடத்தும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எந்தப் படத்தைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கும் பிரபா, இந்தப் படத்தைத் திருப்பித் தரவே இல்லை. இதைக் கவனித்த அவள் தாய் சுலோச்சனா, கணவரை மில்லுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "கன்னுன்னு ஒரு வார்த்த உன் வாய்ல வரட்டும், நான் சாலவாக்கம் பஸ் ஏறி எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். உன் பொண்ணுக்கு நீயும் அந்த ஜப்பான்காரனுமா மாப்ள பாத்துக்கினு இருங்க," என்றார். வாக்குறுதியில் நம்பிக்கை இல்லாமல், வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவரின் வாயில் மூன்று வெற்றிலையை அடைத்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பையனின் தாய் ராணியம்மாள் கேட்டவற்றுக்கெல்லாம் பச்சமுத்து தலையை மட்டும் ஆட்டினார். ராணியம்மாள் சுலோச்சனாவின் பக்கம் சாய்ந்து, அண்ணனுக்குப் பேச்சு வராதா என்று மெல்ல விசாரித்தார். பல்வலி என்றார் சுலோச்சனா.

எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. அந்நேரம் பார்த்துத் தினேஷ்குமார் தன் வேலையின் பெருமையைச் சொல்லத் தொடங்கினான். "ஜப்பான்காரன் டிசைன் பண்ணா அதுல தப்பே வராதுங்க. நூறு வாட்டி யோசிச்சிதான் ஒரு ஸ்குரூவே போடுவான்."

பச்சமுத்துவின் தாடை மெல்லுவதை நிறுத்தியது. கண்கள் பிதுங்கின. காதுமடல் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. வேட்டி நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் மகளுக்காக எச்சிலை விழுங்கினார். அதற்குமுன் அவர் எதையும் விழுங்கி நான் கண்டதில்லை.

"பதினொண்ணாம் வருஷத்து மெசின்கன்னுல யோசிக்கலியே," என்றது ஒரு குரல். காப்பித் தட்டோடு நின்ற பிரபாவின் குரல் அது.

சுலோச்சனாவின் முகத்தில் சாலவாக்கம் பேருந்து வந்து நின்றது.

என்ன கோளாறு என்று தினேஷ்குமார் கேட்டான். டம்ளர்களை ஒவ்வொருவர் முன்னும் வைத்தபடியே பிரபா தொட்டியையும் எண்ணெயையும் புழுதியையும் சொல்லி முடித்தாள். நாயனம் கேட்டு வளர்ந்த பிள்ளை தாளம் போடுவதுபோல இருந்தது. அவன் காப்பியைத் தொடவில்லை. "தோட்டாவுக்குப் போய் எதுக்குங்க எண்ணெ?" என்றான்.

"அத எங்கப்பா சொன்னாத்தான் புரியும்."

எல்லாரும் பச்சமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். ராணியம்மாளோ, மகன் முகத்தில் எதையோ கண்டுவிட்டுச் சுலோச்சனாவிடம் திரும்பினார்.

"பல்லு வலின்னீங்களே, பேசுனா வலிக்காதா?"

"வலி அவருக்கு இல்ல அண்ணி," என்றார் சுலோச்சனா. "கேக்கறவங்களுக்குத்தான்." பிறகு கணவரைப் பாராமலே, கொல்லைப்புறம் நோக்கிக் கையை வீசினார்.

பச்சமுத்து ஓடிப்போய்த் துப்பி, வாய் கொப்பளித்து வந்து நின்றார். "கல்லுல எண்ணெ தடவாம தோசய எடுத்தா இன்னா ஆவும் நைனா? பிஞ்சி வரும். சுட்ட சூட்டுல தோட்டாவோட கூடு உப்பி உள்ளாறவே ஒட்டிக்கும். இந்தக் கன்னு அவசரக்குடுக்கை, வெடுக்குனு இழுக்கும். எண்ணெ இல்லன்னா கூடு பிஞ்சி, பாதி உள்ளயே மாட்டிக்கும்."

தினேஷ்குமார் தலையசைத்தான். சற்று யோசித்துவிட்டு, ஒருவன் சுட்டுக்கொண்டே இருந்தால் தொட்டியில் தோட்டா போடுவது யார் என்று கேட்டான்.

பச்சமுத்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, சம்பந்தியம்மாளின் காலடியில், தரையில் குப்புறப் படுத்தார். முழங்கைகளை ஊன்றி, கழுத்தைத் திருப்பி, இல்லாத கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டார். ராணியம்மாள் கால்களை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். தினேஷ்குமார் தாயை ஒருமுறை பார்த்தான். சட்டைப்பையிலிருந்த கைபேசியை எடுத்துப் பிரபாவின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டி இருக்கும் இடப்பக்கமாக வந்து முழங்காலிட்டான்.

பச்சமுத்து குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே, உடம்பைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி, அவன் படுக்க இடம் விட்டார்.