பச்சைக் கட்டத்துக்குள் ஒரு கிணறு

ஆண்டு முன்னேற்றக் கூட்டத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தைத் திரையில் காட்டினார்கள். இடது பக்கம் இலக்குகள், வலது பக்கம் அவற்றின் நிலை. முடிந்தவை பச்சை, பாதியில் நிற்பவை மஞ்சள், தொடங்காதவை சிவப்பு. ஆய்வுக் கட்டுரைகள்: பச்சை. புதிய ஆய்வுகூடம்: பச்சை. சமூகத்துக்குப் பயன்: அதுவும் பச்சை. சான்றாக ஒரு படம். கண்டக்குழி என்ற கடற்கரை ஊரில் ஒரு கிணற்றடி. கயிற்றில் போத்தலை இறக்கும் கை என்னுடையது.

மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் அங்கே பதினொரு கிணறுகளில் என் ஆய்வுக்காகத் தண்ணீர் எடுத்தேன். படத்தில் இருந்தது ஏழாவது கிணறு. அந்த வீட்டு அக்காவை ஊரார் போல நானும் ராத்தா என்றேன்; அப்போது அவருக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். தாய்ப்பால் போதாமல் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மாப்பாலும் கரைத்துக் கொடுத்தார். முடிவை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார். இரண்டு வாரத்தில் என்றேன்.

இரண்டு கிழமையில் முடிவு வரத்தான் செய்தது. நான்கு கிணறுகளில் நைத்திரேற்று எல்லை மீறியிருந்தது. தோட்டங்களுக்குப் போடும் உரம் மணலூடாக இறங்கி வருவது. பெரியவர்களை உடனே படுக்கையில் தள்ளாது. கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் போகாமல் தடுக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஏழாவது கிணற்றில்தான் மிக அதிகம்.

வீட்டாருக்குச் சொல்வோமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். முதலில் கட்டுரை வெளிவரட்டும் என்றார். அதற்குள், வீட்டுக்காரரின் இரகசியம் காக்கும் விதிப்படி, எந்த இலக்கம் எந்த வீடு என்ற பட்டியலை அழித்துவிட்டார்கள். வீட்டுக்காரரிடமிருந்தே அவர்களுடைய கிணற்றை மறைக்கும் விதியை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு கட்டுரை, கட்டுரை என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

கூட்டம் முடிந்ததும் திட்டமிடல் அலுவலரிடம் போனேன். தண்ணீர் எடுத்ததோடு சமூகப் பயன் எப்படி முடிந்ததாகும் என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

“இந்த வருசத்து இலக்கு தண்ணிச் சாம்பிள் எடுக்கிறது மட்டும்தான் மிஸ். மக்களுக்கு அறிவிக்கிறது அடுத்த வருசத்து இலக்கு.”

அன்று பின்னேரமே தண்ணீர் எடுக்கப் போனபோது நடந்த பாதையை நினைவில் வைத்துப் பதினொரு வீட்டையும் வரிசையாக எழுதினேன். பள்ளிவாசல் மூலையில் முதலாவது, வலை காயப்போடும் வெளிக்குப் பக்கத்தில் நான்காவது, மீனவரின் நீல வாடிக்குப் பின்னால் ஏழாவது. மறுநாள் காலை மதுரங்குளிச் சந்தியில் பஸ் ஏறினேன்.

ராத்தா குழந்தையோடு வாசலில் நின்றார். முதலில் குழந்தையின் உதட்டையும் நகங்களையும் பார்த்தேன். நீலம் இல்லை. பிறகுதான் பேச முடிந்தது. விசயத்தைச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரோ வாங்கும் தண்ணீரோ பாவியுங்கள், பிள்ளையை இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

“கிளினிக்கில கொதிச்சாறின தண்ணி குடுக்கச் சொன்னாங்க,” என்றார். “நான் பயத்தில ரெண்டு தரம் கொதிக்க வச்சேன்.”

கொதிக்கக் கொதிக்க அது கூடத்தான் செய்யும் என்பதையும் சொன்னேன்.

“ரெண்டு கிழமை எண்டுதானே தங்கச்சி சொன்னீங்க? உங்கட அவ்வளவு பெரிய இடத்தில ஒரு ஃபோன் கோல் எடுக்க ஒராள் இல்லயா?”

உள்ளே போய் ஃப்ளாஸ்கை எடுத்து வந்து மணலில் கவிழ்த்தார். ஆவி எழுந்தது. மற்ற மூன்று வீடுகளும் எவை என்று கேட்டார். பட்டியலைக் காட்டினேன். நான்காவது வீட்டைப் பார்த்ததும் அந்த வீட்டு மாமியின் மருமகள் நிறைமாதம் என்றார். டொக்டரிடம் போகிற வழிதானாம். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குழந்தையை என் கையில் தந்துவிட்டு முன்னால் நடந்தார்.

அந்த வாசலில் நான் தாளை விரிக்கும் முன்பே அவர் குரல் கொடுத்துவிட்டார்:

“மாமி, யுனிவர்சிட்டியில இருந்து வந்திரிக்காங்க. தண்ணிக் கதை. ரெண்டு கிழமை எண்டு சொல்லி ரெண்டு மாசத்தால கொண்டு வந்திரிக்காங்க.”