அவள் படுத்த விரிப்பு

எனக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் எப்போதும் கேலி செய்வாள். "எடி, நீ பொய் சொன்னா மூக்கு நுனி வேர்த்துடும். கொச்சி முழுக்கத் தெரிஞ்சுடும்" என்பாள். அவள் போன பிறகுதான் நான் ஒழுங்காக ஒரு பொய் சொன்னேன். அதுவும் அவள் புருஷனிடம்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் ஐந்து பெண்கள் செய்துவந்த வேலைக்குச் சரியான பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. தெருவில் எங்களை "படம் வரையற பிள்ளைங்க" என்பார்கள், எல்லாருக்கும் நாற்பது தாண்டிய பிறகும். காலனிகளில், பள்ளிக்கூட வராந்தாக்களில் ஆட்களைக் கூட்டுவோம். தரையில் வெள்ளைத் துணியை விரித்து ஒருவரைப் படுக்கச் சொல்வோம். இன்னொருவர் கரித்துண்டால் உடம்பைச் சுற்றிக் கோடு போடுவார். எழுந்து பார்த்தால் அவர் உருவம் துணியில் வெறுமையாகக் கிடக்கும். அதற்குள் அவரவர் மனசில் இருப்பதை வரையலாம், தைக்கலாம். முட்டி வலிக்கிற இடத்தில் ஆணி வரைந்த கிழவர் உண்டு. வயிற்றில் பூட்டுத் தைத்த பெண் உண்டு. ஒரே ஒரு சட்டம்: ஒருவர் உருவத்துக்குள் அவரைக் கேட்காமல் இன்னொருவர் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் அவள்.

துணி என் பங்கு. நாங்கள் நாலு தலைமுறையாக வெளுக்கிற குடும்பம். போர்ட் கொச்சியின் சின்ன ஓட்டல்கள் கழித்துப் போடுகிற படுக்கை விரிப்புகளைச் சேர்த்து வைத்து எடுத்துவருவேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. எங்களைப் போலவே தெருத் தெருவாக வேலை செய்கிறவர்கள் மூன்று நாடுகளிலிருந்து கூடி, பத்து நாள் சேர்ந்திருந்து, அவரவர் முறையை மற்றவர்களுக்குக் காட்டுவது. அழைப்பைப் படித்த அன்று, ஊரில் இத்தனை பேரை வரைந்தும் தனக்கென்று ஒரு நாளும் படுக்காத அவள், தானே விரிப்பைப் போட்டுப் படுத்தாள். நான்தான் கோடு போட்டேன். இடது பாதத்துக்கு வந்தபோது கூச்சம் தாங்காமல் காலை உதறினாள். கோடு அங்கே கோணிக்கொண்டு ஓடியது. எழுந்தபோது தலை வைத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. செம்பருத்தியும் துளசியும் போட்டு அவளே காய்ச்சுகிற எண்ணெய் அது. எனக்கும் ஒரு குப்பி கொடுத்திருந்தாள்.

"அய்யே, வெளுக்கறவ கண்ணு கறையிலதான் போகும்!" என்று சிரித்தாள்.

"உள்ளே என்னடி வரையப் போற?"

"அங்க போய் வரையலாம். அந்தக் குளிர்ல என்ன தோணுதோ, அது."

அடுத்த மாதம் கடல் ஓதம் ஏறி, நாங்கள் துணி வைத்திருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தது. முழங்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நின்று அவளும் நானும் துணி மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றினோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் போய்விட்டாள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் அதற்கு அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு வந்தது. இதையெல்லாம் எந்தக் கடவுளிடம் போய்க் கேட்பது?

அவள் புருஷன் இஞ்சிக் கிடங்கில் சாக்கு தைக்கிறவர். தமிழ்க்காரர்தான், ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவர் சேட்டன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கொடுத்த சாயாவைக் குடிக்கவில்லை.

"அவ படுத்த விரிப்பு உன்கிட்டத்தானே இருக்கு? அதக் கொடு. வேற எதுலயும் அவ அளவு இல்ல."

"சேட்டா, அவ எவ்வளவு ஆசப்பட்டா! விரிப்பாவது போயிட்டு வரட்டும். பத்து நாள்தான். வந்ததும் நானே கொண்டாந்து தரேன்."

சாயாவை வாசற்படியில் வைத்தார். "கொண்டு போ. ஆனா அதுல ஒருத்தரும் ஒண்ணும் வரையக் கூடாது, கேட்டோ. அது அவ போட்ட சட்டம்."

என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பணிப்பெண் சாப்பாட்டு வண்டியோடு வந்து, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். "ஆள் இருக்கு" என்று தமிழிலேயே சொன்னேன். என்ன புரிந்ததோ, ஒரு தட்டை அங்கேயும் வைத்துவிட்டுப் போனாள். இறங்குகிறவரை அதை நான் திறக்கவில்லை.

அங்கே எங்களுக்குக் கொடுத்த இடம் முன்பு மீனுக்கு உப்புப் போடுகிற கொட்டகையாக இருந்ததாம். சுவரெல்லாம் எங்கள் துணிகளைத் தொங்கவிட்டோம். அவளுடையதை ஜன்னல் ஓரமாகக் கட்டினேன். கீழே சூடு காட்டும் இயந்திரம். வெப்பக் காற்று பட்டு அவள் உருவம் மெல்ல உப்பும், மெல்ல அடங்கும். மூச்சு விடுவதுபோலவே இருக்கும். கூட வந்த மூவரும் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நான் மட்டும் போகும்போதும் வரும்போதும் "சும்மா கிடடி" என்று அதட்டுவேன். அதட்டினால் ஒரு நொடி அடங்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை.

அந்த இடத்தை நடத்திய நரைத்த தலைப் பெண், இது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். ஊரில் வாயால் தெருவையே உழுகிறவள் நான். அங்கே என் வாய் செத்துப் போனது. இறந்துவிட்டாள் என்று சொன்னால் நின்ற இடத்திலேயே ஒப்பாரி வைத்துவிடுவேன். அதனால், "இன்னும் முடிக்கவில்லை" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி முடிக்காமல் விட்ட வேலையை, ஊர் திரும்புவதற்குள் வீட்டுக்காரர்கள் முடித்துக் கொடுப்பது. விடைதரும் பரிசு அதுதான். முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் எங்களைக் கலங்கரை விளக்கம் பார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவள் நிறைந்திருந்தாள். கால்களில் நீலக் கம்பளி நூலால் அலை, கைகளில் வெள்ளிச் சாயத்தில் மீன்கள், நெஞ்சில் வெள்ளை நூலில் தைத்த ஒரு பறவை. சுற்றி நின்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கொட்டகையையே கொளுத்தியிருப்பேன். ஆனால் யார்மேல் கோபப்படுவது? அப்போது அந்த நரைத்த தலைப் பெண் பறவையைத் தொட்டுக் காட்டினாள். கடல் கொண்டுபோன தன் மகளாம். முப்பது வருஷமாக அவளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, இங்கே இடம் இருந்தது என்றாள். நான் நன்றி சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துப்பட்டாவை வாயில் அடைத்து அழுதேன்.

"உள்ளதச் சொல்லிடு, சேட்டன் புரிஞ்சுக்குவார்" என்று மூவரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்கென்ன, தலையில் கைவைத்தது நானல்லவா?

வீட்டுக்கு வந்து விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீல நூல் இழுத்தால் வந்தது. சாயம் எதற்கும் போகாது, அழுத்தித் துவைத்தால் கரிக்கோடும் சேர்ந்து போய்விடும். பறவையின் கண்ணில் ஊசி முனையை வைத்தேன். கை ஓடவில்லை. எவளோ பெற்ற பிள்ளையைப் பிய்த்தெறிய நான் யார்?

அதே ஓட்டலிலிருந்து அதே மூட்டையில் வந்த இன்னொரு விரிப்பு என் வீட்டுப் பரணில் இருந்தது. ஜன்னல் கண்ணாடிமேல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டின்மேல் கோடு போட்டேன். இடது பாதத்தின் கோணல்கூட அப்படியே வந்தது. கடைசியில் மிஞ்சியது தலைக் கறை. அவள் கொடுத்த குப்பியில் விரல் கனத்துக்கு எண்ணெய் இருந்தது. முழுவதையும் என் தலையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டேன். விரிப்பைத் தரையில் போட்டு அவள் கோட்டுக்குள் படுத்தேன்.

அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். என் கால் அவள் கணுக்காலோடு நின்றுவிட்டது. வெளியே நல்ல வெயில், யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். கண்ணை மூடினேன். துணியில் கரித்துண்டு உரசும் சத்தம் கேட்டது. தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. இடது பாதம் கூசியது. காலை உதறினேன். பயந்துவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனாலும் கறை ஊறுகிறவரை எழுந்திருக்கவில்லை. சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது மட்டும் வரவில்லை.

அசல் என் அலமாரியின் கதவு போட்ட அடித்தட்டில் இன்னும் இருக்கிறது. அந்தத் தட்டை நான் திறப்பதில்லை.

மறுநாள் சேட்டன் வீட்டுக்குப் போனேன். தரையைத் துடைத்து விரிப்பை விரித்தார். சாக்கு தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரலால் கோட்டைச் சுற்றி வந்தார். இடது பாதத்தில் விரல் நின்றது. "இங்க கூசியிருக்கும் அவளுக்கு" என்றார். பிறகு தலைப்பக்கம் மண்டியிட்டுக் கறையில் முகத்தை வைத்தார். முதுகு குலுங்கியது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அவதான்" என்றார் கடைசியில். "ஒருத்தரும் தொடலையே?"

"இல்ல சேட்டா."

மூக்கு நுனி வேர்த்தது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை. நான் கிளம்ப எழுந்தபோதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன் தலையிலயும் அவ எண்ணெய் மணம் வருதே."

"அவ கொடுத்த குப்பிதான், சேட்டா."

அவள் போன பிறகு அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மிச்சம் இருக்கா? எங்க வீட்டுல இருந்தத, குளிப்பாட்டறப்ப பொம்பளைங்க முழுசா அவ தலையில வச்சுட்டாங்க. எனக்கு ஒரு சொட்டு போதும்."

"தீர்ந்துடுச்சு சேட்டா."

"எப்ப?"

"நேத்துதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, மணம் போய்விடாமல் தலைப்பக்கம் உள்ளே வரும்படி விரிப்பை மடிக்கத் தொடங்கினார்.