இன்றைய தேதி

கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. முதல் நாள் நான் கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. 

அதற்கு முன்னால் பல வருடம் கோலார் பக்கம் இருக்கும் எங்கள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தேன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். மகளைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தேன். "நீ ரொம்ப இழுக்கற, அத்தையக் கூப்பிடு" என்றாள். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். கணவர் மட்டும் ரயிலில் போய்வந்தார். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை எது என்று நான் கேட்டவர்களில் பாதிப் பேர் வெப்சைட் செய்வது என்றார்கள். எங்கள் ஊரிலேயே தொழிற்கல்விக் கல்லூரியில் அதற்கு டிப்ளமோ இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. கார்மெண்ட்ஸில் ஒரு தையல் கோணினால் கண்ணுக்குத் தெரியும், விரலால் தொட்டுக் காட்டலாம். இங்கே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் முழுப் பக்கமும் வெள்ளையாகிவிடும். எங்கே விட்டுப்போனது என்று திரை சொல்லாது. சொன்னாலும் சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில் சொல்லும். சிவப்பு எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கை ஜில்லிட்டுவிடும்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து நாற்காலிக்காரி. பத்தொன்பது வயதுப் பெண். அப்பா இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பிட்டர். கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள். தட்டும்போது வாய் ஏதாவது தின்றுகொண்டிருக்கும். சிவப்பு எழுத்து வந்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

"இன்னாக்கா இதுக்குப் போய் இப்படி வேர்க்குது உங்களுக்கு? கம்ப்யூட்டர் கடிக்கவா போவுது?"

கடைசி செமஸ்டரில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். என்னோடு சேர யார் வருவார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது அவளே என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆண்டர்சன்பேட்டையில் ஷாமியானா பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்கு ஒரு வெப்சைட் என்று முடிவு செய்தோம். தேதியைப் போட்டு, எத்தனை நாற்காலி வேண்டும் என்று போட்டால், அன்றைக்கு அத்தனை இருக்கிறதா என்று அது சொல்ல வேண்டும். பக்கத்தின் தோற்றம், நிறம், படங்கள், தமிழிலும் கன்னடத்திலும் உள்ள எழுத்துகள் எல்லாம் என் வேலை. எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தன. பொத்தானை அமுக்கினால் நடக்கிற எல்லாம் அவள் வேலை. அது ஜாவாஸ்கிரிப்ட். அந்தக் கோப்பை நான் திறந்து பார்த்ததுகூட இல்லை.

அதைக் காட்ட வேண்டிய தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் கோரமண்டலுக்கு நடந்தே போனேன். அவளுடைய அம்மாதான் கதவைத் திறந்தார்.

"வாமா. மஞ்ச காமாலை. கண்ணப் பாரு, எலுமிச்சம்பழம் மாதிரி கீது. போனைக் குடுத்தா அதையே பாத்துகினு கீறா, பிடுங்கி வச்சிட்டேன்."

கட்டிலில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்து எழப் பார்த்தாள். முடியவில்லை. கை எல்லாம் குச்சியாகியிருந்தது. நான் கொண்டுபோன இளநீரை அம்மா வாங்கி வைத்தார்.

"எனக்கு சப்ளிமெண்டரில எழுதச் சொல்லிட்டாங்க அக்கா. நீங்க தனியா காட்டிடுங்க. எல்லாம் ஒர்க் ஆவுது. நீங்க எதையும் தொடாதீங்க. சும்மா ஓட்டிக் காட்டினா போதும்."

"கேள்வி கேட்டா?"

"கேக்க மாட்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

எங்கள் மேடம் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவரிடம் கேட்டேன். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் எந்தக் கோப்பை வேண்டுமானாலும் திறக்கச் சொல்வார், எந்த வரிக்கு வேண்டுமானாலும் விளக்கம் கேட்பார் என்றார். "பார்ட்னர் எழுதினதுன்னு சொல்ல முடியாதுங்க. ப்ராஜெக்ட் ரெண்டு பேருக்கும் சொந்தம்."

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து, வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தேன். இந்த வரி நாற்காலி எண்ணிக்கையை எடுக்கிறது, இந்த வரி மீதியைக் கழிக்கிறது. சொல்லிக்கொண்டே இருந்தால் புரிவதுபோல் இருக்கும். நிறுத்தினால் ஒன்றும் நிற்காது. பால் பொங்கி அடுப்பில் ஊற்றும்போதும் நான் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்ததாக மகள் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி ஒரு அம்மா காலையில் தவறிப்போனார். செய்தி வந்து ஒரு காபி குடிக்கிற நேரத்துக்குள் டெம்போ வந்து நின்றது. மூங்கிலும் துணியும் இறங்கின. நாற்காலிகளை அடுக்கடுக்காக இறக்கிப் போட்டார்கள். அழுகை நடந்துகொண்டிருந்தபோதே பந்தல் நின்றுவிட்டது. நானும் போய் ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் கடையின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. எங்கள் வெப்சைட்டின் கடைதான்.

அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் சாவுக்கு முந்தின நாள் நாற்காலி சொல்லி வைப்பதில்லை. எங்கள் வெப்சைட்டில் இன்றைய தேதியைப் போட்டால் என்ன ஆகும்? நாங்கள் சோதித்த ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்றே போட்டிருந்தோம்.

உடலை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். 'சரியான தேதியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வந்தது. அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

தேர்வாளர் இன்றைய தேதியைப் போட்டுவிட்டால் என்ன சொல்வேன்? கோரமண்டலுக்குப் போன் செய்தேன். அவளுடைய அம்மா எடுத்து, "தூங்குதுமா, எழுப்ப வேணாம்" என்றார். சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கணவருக்குச் சமைக்க எழுந்தவள், சாதம் வேகிற நேரத்தில் லேப்டாப்பை அடுக்களை மேடைமேல் வைத்து, தேதியைச் சோதிக்கிற வரியைத் தேடினேன். மனப்பாடம் செய்ததால் இடம் தெரிந்தது. தேர்ந்தெடுத்த தேதி இந்த நாளைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மறுத்துவிடு என்பது அந்த வரி. முதலில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு 'சமம்' என்கிற குறியை மட்டும் அழித்தேன். வாழ்க்கையில் நான் தொட்ட முதல் ஜாவாஸ்கிரிப்ட் வரி அது. பொத்தானை அமுக்கினேன். அன்றைய தேதியை ஏற்றுக்கொண்டது.

கணவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னா, சிரிக்கிற?"

"ஒண்ணு சரி பண்ணிட்டேங்க."

"அப்ப சாப்பிடு இன்னிக்காவது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பத்து மணிக்குக் கல்லூரி லேபில் மேடத்துக்குக் காட்டலாம் என்று அதே தேதியைப் போட்டேன். 'சரியான தேதியைத் தேர்ந்தெடுக்கவும்.' மறுபடி போட்டேன். அதே வாக்கியம். லேப்டாப்பை அணைத்துத் திறந்தேன். அதே வாக்கியம். காலையில் என் கண்ணால் பார்த்தது பொய்யா என்று சந்தேகம் வந்துவிட்டது. மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நாளைக்கு எக்ஸாம வச்சிகிட்டு இப்ப எதுக்குங்க மாத்தினீங்க? பழசையே போட்டுடுங்க. இன்னிக்கு டேட் யாரு கேக்கப்போறாங்க."

அவர் சொன்னது நியாயம். பென் டிரைவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். செருகவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. காலையில் சரியாக இருந்தது பத்து மணிக்கு ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால், நாளைக்கு வேறு எது கெடும் என்பதும் தெரியாது. அந்தப் பயம்தான் அதிகமாக இருந்தது.

பக்கத்து நாற்காலிப் பெண் சிக்கல் வந்தால் ஒன்று செய்வாள். கணினி மனசில் என்ன வைத்திருக்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டச் சொல்வாள். அதற்கு ஒரு வரி உண்டு. அதைப் பழைய பயிற்சியிலிருந்து தேடி எடுத்துப் போட்டேன். இரண்டு நேரங்கள் வந்தன. 'இப்போது' என்பதற்குத் தேதியோடு அந்த நிமிடம்வரை மணி இருந்தது. நான் தேர்ந்தெடுத்த தேதிக்கு நேராக, அதே தேதி, காலை ஐந்தரை மணி என்று இருந்தது.

நான் ஐந்தரை என்று எங்கேயும் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. இணையத்தில் தேடி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெறும் தேதியைக் கொடுத்தால் கணினி அந்த நாளை இங்கிலாந்தின் நள்ளிரவிலிருந்து தொடங்குகிறதாம். அந்த நேரம் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அதற்குமேல் என்ன மணியானாலும் அன்றைய தேதி கடந்து போன தேதிதான். கணவர் ரயிலுக்குக் கிளம்பும்போது ஐந்தரை ஆகியிருக்கவில்லை. அதனால் ஏற்றுக்கொண்டது. நான் அழித்த குறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

'இப்போது' என்பதன் மணியையும் நிமிடத்தையும் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். அதற்கும் ஒரு வரி இருந்தது. போட்டேன். இன்றைய தேதியை ஏற்றுக்கொண்டது. நேற்றைய தேதியை மறுத்தது. நாளைய தேதியை ஏற்றுக்கொண்டது. சாயங்காலம்வரை போட்டுப் போட்டுப் பார்த்தேன். அட்டெண்டர் வந்து விளக்கை அணைக்கப் போகிறேன் என்று சொல்லும்வரை எழவில்லை.

தேர்வாளர் கோலாரிலிருந்து வந்திருந்தார். கன்னடக்காரர். எனக்குமுன் போன பிள்ளைகள் முகம் வாடி வெளியே வந்தார்கள். என் முறை வந்தபோது மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் அடுத்த மாதத்தில் ஒரு தேதியைப் போட்டார். சரியாக வந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகப் பார்த்தார்.

"இன்றைய தேதியையும் போட்டுப் பாருங்க சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

"இவத்தின டேட்கெ யாரம்மா சேர் புக் மாட்தாரெ?" இன்றைக்கே வேண்டும் என்று யார் நாற்காலி சொல்வார்கள் என்று கேட்டார்.

"சாவின மனெகெ சார்."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சாவு வீட்டுக்கு என்றதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது போல் இருந்தது. அந்த வரியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஐந்தரை மணிக் கதையை அரைக் கன்னடமும் அரை ஆங்கிலமுமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு கணக்குகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது சார் என்றே சொன்னேன்.  போகலாம் என்றார்.

ரிசல்ட் வரும்வரை நான் பெயில் என்றே நம்பியிருந்தேன். பாஸ்தான், நடுத்தர மார்க். கணவரிடம் போனில் சொன்னபோது ரயில் சத்தத்தில் அவருக்கு முதலில் கேட்கவே இல்லை. மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

உடம்பு தேறி அவள் சப்ளிமெண்டரிக்கு வந்தபோது, நான் மாற்றிய கோப்பைத்தான் அவள் காட்ட வேண்டியிருந்தது. லேபில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கோபப்படுவாளோ என்று நான் பக்கத்தில் விரலைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"நான் கல்யாணத்த மட்டும்தான் நெனச்சேன் அக்கா" என்றாள். அப்புறம், "இந்த அஞ்சரை மேட்டர எனக்கும் சொல்லிக்குடுங்க, அந்த சார் என்னையும் கேப்பாரு" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்காரர் அந்த வெப்சைட்டைப் பயன்படுத்தவே இல்லை. "எல்லாம் போன்லயே சொல்லிடறாங்கமா" என்றார். அவள் இப்போது பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். எனக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ரயில், மற்ற நாள் வீடு. ஏதாவது ஒரு கடையின் பக்கத்தில் விலையை மாற்று, படத்தை மாற்று என்று வரும். மாற்றிவிட்டு, வெளியே அனுப்பும் பொத்தானை அமுக்குவதற்கு முன் இன்னும் கை ஜில்லிடுகிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து சரிபார்க்கிறேன். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "இன்னும் அமுக்கலியாம்மா?" என்று கேட்கிறாள்.