கார்த்திகேசுவின் வயலின்

அறுபது வயது வரை அரசாங்க வேலையில் தாக்குப்பிடித்தவர்களை, போகிற நேரத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஓய்வுபெற்ற பிறகு எப்படி வாழ்வது என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். செராஸ் வட்டாரத்தில் குடியிருந்த கார்த்திகேசுவும் போனார். நடத்த வந்த பெண் ஒவ்வொருவராக எழுப்பி, அடுத்து என்ன லட்சியம் என்று கேட்டாள்.

கார்த்திகேசு மகனைப் படிக்கவைத்த கதையையும் மகளைக் கட்டிக்கொடுத்த கதையையும் நீட்டி முழக்கினார்.

"அதெல்லாம் முடிஞ்சது சார். உங்களுக்குன்னு என்ன ஆசை?"

மனிதர் உள்ளே துழாவிப் பார்த்தார். இருந்தால்தானே கிடைக்கும். எல்லாரும் தன்னையே பார்ப்பது தாங்காமல், "வயலின் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். கைதட்டல் எழுந்தது. அலுவலகத்திலிருந்து ஏற்பாடுகளைக் கவனிக்க வந்திருந்த பிரவின்தான் பலமாகத் தட்டினான்.

அந்த ஆசை அவருடையது அல்ல, மனைவி புஷ்பவல்லியுடையது. கல்யாணமான புதிதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் வயலின் வகுப்பு நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போகட்டுமா என்று கேட்டாள். "அந்த நேரத்துல சோறு யாரு ஆக்குவா?" என்று இவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. இவரும் மறந்துபோனார். பயிற்சியில் பதில் தெரியாமல் மாட்டிக்கொண்டதும் வாய் மட்டும் வெட்கமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது. வீட்டில் மூச்சு விடவில்லை.

பிரிவு விருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் நடந்தது. மனைவியையும் அழைத்திருந்தார்கள். சோறு வைத்ததும் புஷ்பவல்லி மட்டும் ஸ்பூன் கேட்டாள். "வெள்ளைக்காரி மாதிரி என்ன இது?" என்று கார்த்திகேசு மேசை முழுக்கக் கேட்கும்படி கேலி செய்தார். அவள் ஸ்பூனாலேயே சாப்பிட்டாள்.

பாயசம் வந்தபோது பிரவின் ஒரு கறுப்புப் பெட்டியை நீட்டினான்.

"அங்கிள், நாங்க எல்லாம் சேர்ந்து வாங்கினது லா. உங்க ஆசை. ஆன்டி, இனிமே வீட்டுல தினமும் கச்சேரிதான்."

திறந்தால் வயலின். கார்த்திகேசு இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளை எப்படிப் பார்ப்பது? இரண்டு வார்த்தை பேசச் சொல்லி எழுப்பினார்கள். இது இவளுடைய ஆசை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பும்போது ரயிலில் பெட்டி புஷ்பவல்லியின் மடியில் இருந்தது.

"புஷ்பா, அது வந்து..."

"ஞாபகம் இருக்குங்க."

"நீ கத்துக்க. நானே கொண்டுபோய் விடறேன். சோறு நான் ஆக்கறேன்."

அவள் இரண்டு கைகளையும் பெட்டியின்மேல் வைத்து விரல்களை மடக்கினாள். அவை பாதியிலேயே நின்றுவிட்டன.

"போன வருஷத்துலேருந்தே இப்படித்தான். டாக்டர்கிட்ட காட்டிட்டேன். இனிமே இவ்வளவுதானாம்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கார்த்திகேசுவுக்கு அந்த ஸ்பூன் நினைவுக்கு வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று கூனிக்குறுகிப்போனார்.

இறங்கும் இடம் வந்தது. பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"வீடு வரைக்கும் நானே கொண்டாரேங்க" என்றாள்.